மழை நாளைச் சொல்லுங்கள்

போன வருஷக் கடைசியில் பவித்ரா போன் செய்தாள். கேமரன் மலையில், தானா ராத்தாவில் கெபாஜிக்கான் ஆபீஸ் என்று எல்லாரும் சொல்கிற சமூக நல அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசவே தெரியாது. முணுமுணு என்று என்னமோ சொன்னாள். "கொஞ்சம் சத்தமா பேசும்மா, பசியாறலையா?" என்றேன். ஒரு படம் அனுப்பியிருப்பதாகக் கத்தினாள்.

இப்போதெல்லாம் ஓகேயூ கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற அட்டைக்கு, வீட்டில் இருந்தபடியே போனில் மனுப் போட்டுவிடலாம். உடம்பில் உள்ள குறை தெரிகிற மாதிரி முழு உருவப் படம் ஒன்று சேர்க்க வேண்டும். கம்போங் ராஜா பக்கத்து அண்ணன் ஒருவருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கோட்டு, சூட்டு, கழுத்தில் டை, முகமெல்லாம் சிரிப்பு. கால் இல்லாத இடத்துக்கு முன்னால் ஒரு பெரிய ரோஜாத் தொட்டி.

"இதை எப்படிக்கா மேல அனுப்புறது? ஆளு புது மாப்பிள்ளை மாதிரி இருக்காரு" என்றாள் பவித்ரா.

வயிறு வலிக்கச் சிரித்தேன். "அந்தத் தொட்டிய நகர்த்த வழி இருக்கு. ஆனா போன்ல ஆகாது. மழை பெய்யிற நாளாப் பார்த்து அவரு வீட்டுக்குப் போ" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, எழுதிக் குடுங்களேன் லா" என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் ஒன்று, இப்போது கேமரனில் மழையும் முன் மாதிரி இல்லை. நான் வேலைக்கு வந்த காலத்தில் தகரக் கூரையில் மழை அடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. இப்போது பெய்வதே தெரியாமல் பெய்துவிட்டுப் போகிறது. காட்டையெல்லாம் வெட்டித் தள்ளினால் வேறென்ன ஆகும்?

என் பெயர் தனலெட்சுமி. ஆபீசில் தனம், தோட்டத்தில் 'கெபாஜிக்கான் அக்கா'. குவாந்தானில் கொடுத்த பயிற்சியில் மனுப் பாரம் நிரப்பவும் முத்திரை குத்தவும் கற்றுக்கொண்டேன். வேலையைக் கற்றுக்கொடுத்தவர் என் மேலதிகாரி புவான் ரோஹானி. மலாயில் 'புவான்' என்றால் நாம் மேடம் என்கிற மாதிரி. தெமர்லோ பக்கத்து மலாய்க்காரர். குட்டை உருவம், பெரிய கைப்பை, அதில் எந்நேரமும் ஏதாவது பலகாரம். முதல் நாள் நான் சேலையைச் சரிசெய்துகொண்டு பயந்து பயந்து அவர் முன்னால் நின்றேன். என் சான்றிதழைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரப்பர் பூட்ஸ் இருக்கா?" என்றுதான் கேட்டார்.

மற்ற ஆபீசில் மழை வந்தால் வெளிவேலையைத் தள்ளிப் போடுவார்கள். எங்கள் ஆபீசில் மழை வந்தால்தான் வண்டியை எடுக்கச் சொல்வார். "இந்தம்மாவுக்கு வெயில்ல ரோடு தெரியாதா?" என்று டிரைவர் அண்ணன் முனகுவார். தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி வழுக்கும்போதெல்லாம் நான் முருகனைக் கூப்பிடுவேன், புவான் பலகாரத்தை நீட்டுவார்.

வீட்டுக்குள் போவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பைல் வண்டியிலேயே இருக்க வேண்டும். 'கெசியான்', அதாவது ஐயோ பாவம், என்கிற வார்த்தையையும் வண்டியிலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே போனால் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்காருவார். கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். அதுவரைக்கும் பேனாவை எடுக்க மாட்டார். பிறகு கேள்வி கேட்பார். காலையில் எழுந்ததும் என்ன செய்வீங்க? வீட்டில் யாரும் இல்லாதபோது கதவைத் தட்டினால் என்ன செய்வீங்க? மழை பெய்தால் என்ன செய்வீங்க? அவ்வளவுதான்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது. மலாயில் 'போலே?' என்றால் 'முடியுமா?' என்று அர்த்தம். "தனம், தோட்டத்து ஜனங்ககிட்ட போலேயான்னு மட்டும் கேட்டுடாதே. எல்லாத்துக்கும் போலேன்னுதான் பதில் வரும்" என்பார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று போகப் போகத்தான் தெரிந்தது. தோட்டத்தில் விடிந்தும் விடியாமலும் பெரட்டு நடக்கும். களத்தில் எல்லாரும் நிற்க, மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். காய்ச்சலோ கால்வலியோ, பேர் கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும். தோட்டம் கொடுக்கிற லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் ஒருவர் பேராவது பெரட்டில் இருந்தால்தான் வீடு. அப்படிப் பழகின ஜனங்கள் கவர்மெண்டு ஆளைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? துரை வந்த மாதிரி நிமிர்ந்து நிற்பார்கள். உதவி கேட்டு வந்தவர்களே, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று நடந்து காட்டுவார்கள். இந்தக் கூத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் சொல்லித்தான் சின்னையா வீட்டுக்குப் போனோம். சின்னையா தேயிலை வெட்டுகிறவர். ஒரே மகள் செல்வி, அப்போது ஏழு வயது. பிறக்கும்போதே வலப்பக்கம் சரியில்லை. வலக்கால் சூம்பிக் குட்டையாக இருந்தது, வலக்கை விரல்கள் மடங்கியிருந்தன. நாங்கள் வருவது தெரிந்து பிள்ளையைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். தரையைத் தொடுகிற பட்டுப் பாவாடை, முகத்தில் அப்பிய பவுடர், வலக்கையை மறைத்து அதன்மேல் இடக்கை. பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

"நல்லா நடக்கும்ங்க. ஓடவும் ஓடும்ங்க" என்றார் சின்னையா.

"ஓடுவியாம்மா?" என்று நானும் கேட்டுத் தொலைத்தேன். புவான் என் முழங்கையில் கிள்ளினார்.

"ஓடுவேன் டீச்சர்" என்றது பிள்ளை.

புவான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், படி இறங்கிப் போக வேண்டும். "மழை பெஞ்சா அங்க எப்படிம்மா போவே?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அப்பா உப்பு மூட்டை தூக்கிட்டுப் போவாரு" என்றாள் செல்வி சந்தோஷமாக.

சின்னையா முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். எங்களை வழியனுப்பக் கூரையோரம் வரைக்கும் வந்தவர், "அம்மா, கார்டு வேணாம்ங்க" என்றார். "கார்டு இருந்தா நாளைக்கு இவ பேரைப் பெரட்டுல சேர்க்க மாட்டாங்க. எனக்கு வேற பிள்ளை இல்ல. நான் வேலைய விட்டு நின்னா இந்த வீடு இவ பேருக்கு வரணும். இவளுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

மலாயில் மாற்றிச் சொன்னேன். புவான் வாதாடவில்லை. "சரி, அடுத்த மழைக்கு வர்றோம்" என்றார். எனக்குக் கோபம். நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்று வண்டியில் பொரிந்து தள்ளினேன்.

"அந்த மனுஷன் பயப்படறது பொய்யில்ல, தனம்" என்றார் புவான். "பயம் போகாம நாம கார்டு குடுத்தா அது சாமி படத்துக்குப் பின்னாடிதான் கிடக்கும்." அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, செல்வியின் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டார். அதற்குக் கார்டு தேவைப்படவில்லை.

வருஷா வருஷம் மழைக்குப் போனோம். தேத்தண்ணி குடித்தோம், வந்தோம்.

செல்விக்கு இருபது தாண்டியிருக்கும்போது ஒரு நாள் தனியாக பஸ் ஏறி ஆபீசுக்கு வந்தாள். "அக்கா, எனக்குக் கார்டு போடணும்" என்றாள். மனுப் பாரத்தை எடுக்க எழுந்தேன். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சின்னையா எப்படியோ அவள் பேரைப் பெரட்டில் சேர்த்துவிட்டிருக்கிறார். தேயிலைக் கத்தரியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இவளுக்கு ஒரு கைதான் பேச்சைக் கேட்கும். தன் நிரையை வெட்டி முடித்துவிட்டு, மகள் நிரையிலும் இறங்கி வெட்டி அவள் கூடையை நிரப்பியிருக்கிறார் அந்த மனுஷன். மண்டோருக்குத் தெரியும், பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்.

"அடுத்த வருசம் அப்பாவுக்கு வேலை முடியுது. அப்புறம் என் கூடையில யாரு கொழுந்து போடுவா? பேரை வெட்டிருவாங்க, வீடும் போயிரும்" என்றாள். தோட்டத்தில் சுற்றுலாக்காரர்களுக்குத் தேயிலை விற்கிற கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதுவும் தோட்டத்து வேலைதான், கிடைத்தால் வீடு நிற்கும். மேனேஜரைக் கேட்டாளாம். "எல்லாருக்கும்தான் உக்கார்ற வேலை வேணும். நீ நல்லாத்தான இருக்கே? கார்டு இருந்தா மேல பேசி வாங்கித் தரலாம்" என்றிருக்கிறார்.

எந்த வீட்டுக்குப் பயந்து சின்னையா கார்டு வேண்டாம் என்றாரோ, அதே வீட்டுக்குத்தான் இப்போது கார்டு தேவைப்பட்டது. புவான் கேட்டுவிட்டு, "அப்பாவுக்குத் தெரியாம வேணாம், அவரையும் கூட்டிட்டு வா" என்றார்.

டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் கார்டு. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. எனக்கு அந்த வெயிலைப் பிடிக்கவில்லை. டாக்டர் கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த இளைஞர், மரியாதையானவர். சின்னையா பெட்டி போட்ட சட்டையில் கதவோரமாக விறைத்து நின்றார்.

டாக்டர் சிரித்த முகத்தோடு செல்வியைப் பார்த்துக் கேட்டார்: "போலே ஜாலான்?" நடக்க முடியுமா? போச்சுடா என்று நினைத்தேன்.

செல்வி அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். எழுந்தாள். பெரட்டில் பேர் கூப்பிட்ட மாதிரி தோளை நிமிர்த்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள். வலக்கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். வலிக்கிறதா என்றார், இல்லை என்றாள். அப்படி ஒரு நடையை அவள் அதற்கு முன்னாலும் நடந்ததில்லை, அப்புறமும் நடந்ததில்லை. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். லேசான பலவீனம்தான், கார்டு அவசியமில்லை என்று எழுதிவிட்டார். காட்டியதைத்தானே அவர் எழுத முடியும்?

வெளியே வந்ததும் கத்தினேன். "ஏண்டி, உனக்குக் கார்டு வேணுமா மெடல் வேணுமா?"

"எனக்கே தெரியலக்கா. அவரு கேட்டதும் காலு தானா நிமிந்துடுச்சு" என்று அழுதாள். வீடு கையைவிட்டுப் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சின்னையா தலையே நிமிரவில்லை.

புவான் ரோஹானி சண்டைக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தார், எல்லாருக்கும் பலகாரம் கொடுத்தார். பிரிஞ்சாங் பக்கத்து மலையைப் பார்த்துவிட்டு, "கருத்துட்டு வருது, இருப்போம்" என்றார்.

மத்தியானம் டாக்டர் சாப்பிடக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கேண்டீன் கீழே இருந்தது. திறந்தவெளியில் பாசி பிடித்த படிகளில் இறங்கிப் போக வேண்டும். "நாங்களும் சாப்பிடத்தான் போறோம் டாக்டர், சேர்ந்தே போவோம்" என்று புவான் குடையை விரித்தார்.

படி முனைக்கு வந்ததும் சின்னையா கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மகளுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். செல்வி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முதுகில் ஏறினாள். இரண்டு பேரும் யோசிக்கவேயில்லை. நாம் குடை விரிக்கிற மாதிரி அது அவர்களுக்கு. வயசான மனுஷன், வளர்ந்த பெண்ணைச் சுமந்துகொண்டு நாலைந்து படி இறங்கிவிட்டார். பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தபோதுதான் நின்று திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் மேலேயே நின்றார். "எப்பவும் இப்படித்தானா?" என்றார். நான் தமிழில் கேட்டேன்.

"மழை நாளுக்கு மட்டுந்தாங்க" என்றார் சின்னையா.

கேமரனில் மழை இல்லாத நாள் எது? டாக்டர் ஒரு தரம் வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்களால தூக்க முடியாமப் போனா?"

முதுகில் மகளோடு அப்படியே நனைந்துகொண்டு நின்றார் சின்னையா. "அத நெனச்சாத்தாங்க எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது" என்றார். எத்தனை வருஷத் தேத்தண்ணிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பதில் அது.

டாக்டர் சாப்பிடப் போகவில்லை. எல்லாரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார். இந்தத் தடவை செல்வியை உட்கார வைத்து, விரலெல்லாம் காய்த்துப் புண்ணாகியிருந்த பாதத்தைத் தன் கையிலேயே எடுத்துப் பார்த்தார். முடியுமா என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. முதலில் எழுதியதை மாற்றி எழுதினார். மீதியிருந்த பலகாரத்தைப் புவான் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

கார்டு வந்தது, கடை வேலையும் வந்தது. சின்னையா ஓய்வு பெற்றபோது வீடு செல்வி பேருக்கு மாறியது. வேலை பார்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு மாச உதவி இருக்கிறது என்று சொன்னபோது, "வேலையும் பார்க்கலாம், உதவியும் வாங்கலாமா?" என்று சின்னையா என்னை நம்பாமல் புவானிடம் வேறு கேட்டார். பிறகு பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த மோட்டார் சைக்கிள் வந்தது. முதல் நாள் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்கு வந்தாள். "இப்ப நான்தாங்க உப்பு மூட்டை" என்றார் சின்னையா, இறங்க மனசில்லாமல்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நிறுத்திவைத்தேன். மேற்கொண்டு எழுத எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக இருந்தது. முதலில் எழுதிய எதையும் நான் திருத்தப் போவதில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற பிறகு புவான் தெமர்லோவுக்குப் போய்விட்டார். போனில் குரல் பதிவு அனுப்புவார், நான் பதிலுக்குப் பூப்படம் அனுப்புவேன். செல்விதான் ஞாயிற்றுக்கிழமையில் மோட்டாரில் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள், "அக்கா, காதை ஒரு தடவை காட்டிருவோமா?" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "என் காதுக்கு என்ன? ஜனங்கதான் முணுமுணுன்னு பேசுறாங்க" என்றேன். அவள் வாதாடவில்லை. அடுத்த வாரம் வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"அக்கா, தனியா இருக்கும்போது யாராச்சும் வந்து கதவைத் தட்டினா என்ன செய்வீங்க?"

"கதவத் திறந்தேதான் வெச்சிருப்பேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே உறைத்தது. யாருடைய கேள்வியை இவள் என்னிடம் கேட்கிறாள் என்றும் உறைத்தது. அவள் சிரித்துக்கொண்டே தம்ளரைக் கழுவப் போனாள்.

ஈப்போவுக்கு பஸ்ஸில் கூட்டிப் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண். ஒவ்வொரு தடவை அவள் கருவியைத் தட்டும்போதும் தோள் லேசாக அசைந்தது. நான் தோளைப் பார்த்தேன், பொத்தானை அழுத்தினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. "ரொம்ப நல்லா கேக்குது மாச்சிக்" என்று மலாயில் அத்தை முறை வைத்துச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். என் காதில் இருந்ததைக் கழற்றி, முகத்துக்கு நேராகக் குனிந்தாள். "அக்கா, டாக்டர் கேட்டதும் என் காலு நிமிந்துச்சு. இங்க உங்க கை அழுத்துது. கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க."

ஊர் முழுக்க எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். இப்போது நானே பெரட்டில் நிற்கிறேன். கண்ணை மூடினேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். தோளைத் தொட்டார்கள், கண்ணைத் திறந்தேன். சோதனை முடிந்திருந்தது. அப்போதுதான் பயந்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவளுடைய வலக்கையால்.

இப்போது எனக்கும் கார்டு இருக்கிறது. காதுக்குக் கருவி வந்த அன்றைக்கு, திரும்பி வரும் பஸ்ஸில் புவானின் பழைய குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். "ஏன் தனம், எது கேட்டாலும் பூவையே அனுப்புறே?" என்று ஏழெட்டுப் பதிவில் கேட்டிருக்கிறார். நடுவில் பவித்ரா போன் செய்தாள். கம்போங் ராஜா அண்ணனை மழையில் போய்ப் பார்த்துவிட்டாளாம், தொட்டி நகர்ந்துவிட்டதாம். அந்தப் பிள்ளை எவ்வளவு தெளிவாகப் பேசுகிறது.

தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்கித் தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். மேலே சடசடவென்று ஒரே இரைச்சல். எத்தனை வருஷம் ஆயிற்று இதைக் கேட்டு. "செல்வி, என்ன இப்படிக் கொட்டுது? மோட்டார்ல எப்படிப் போறது?" என்று கத்தினேன்.

அவள் கையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

"தூறல்தான்கா" என்றாள்.